மைனஸ் முப்பத்தெட்டு

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. நேரங்கள் வினாடி சுத்தமாக இருக்கின்றன. அவற்றைக் குறித்து வைத்தது மனிதர் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். அதிலிருந்து அச்சடித்து எடுத்த தாள் இன்றைக்கும் அக்காவின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது ஒரு சனிக்கிழமை. பட்டப்பகல். மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்.

அந்த வீட்டில் அப்போது குடியிருந்தது இரண்டே பேர், அம்மாவும் அக்காவும். அதற்கு நாற்பத்தாறு நாள் முன்புவரை மூன்று பேர்.

தம்பிக்கு இருபத்தாறு வயது. தசைகளைத் தின்னும் ஒரு நோய். கால் போயிற்று, கை போயிற்று, பேச்சும் போயிற்று. கடைசியில் அவன் சொன்னபடி கேட்டது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரலுக்கு அடியில் அக்கா ஒரு பட்டன் வைத்தாள். அவன் அழுத்தினால் அடுத்த அறையில், அவள் மேசை மேல், மணி அடிக்கும். கூடவே ஒரு சிவப்பு விளக்கும் எரியும்.

ஒருநாள் மணி நாற்பது வினாடி தாமதமாக அடித்தது. கம்ப்யூட்டருக்கு வேறு ஏதோ வேலை. அதற்குள் அவன் தொண்டையில் சளி அடைத்து, முகம் நீலம் பாரித்துவிட்டது. அன்றைக்கு அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்.

அவள் பிழைப்பே கம்ப்யூட்டரின் அடிவயிற்றில்தான். அங்கே கெர்னல் என்று ஒன்று உண்டு. எந்த நிரலும் தானாக ஒரு மணிகூட அடித்துவிட முடியாது. கெர்னலிடம் போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் இருக்கும். எண்ணைச் சொன்னால் வேலை நடக்கும். இப்படிக் கேட்பதற்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். பட்டியலில் இல்லாத எண்ணைக் கேட்டால் ‘மைனஸ் 38’ என்று பதில் வரும். அப்படி ஒரு வேலையே இங்கே கிடையாது, போ என்று அர்த்தம்.

அந்தப் பட்டியலின் கடைசியில் அக்கா தன் கைப்பட ஓர் எண்ணைச் சேர்த்தாள். 470. தம்பிக்காக மட்டும். அந்த எண் வந்தால் மற்ற எல்லாம் நிற்க வேண்டும், மணி அடிக்க வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றி, அதாவது கெர்னலை முழுதாகக் கம்பைல் செய்து, ஏற்றினாள். அதற்குப் பிறகு மணி ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை.

ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வை. விடாமல் அழுத்தினால் ஆபத்து. மூன்று தட்டு என்றால்... சும்மா. சும்மா வா, பக்கத்தில் இரு. அவ்வளவுதான்.

மூன்றுதான் அதிகம் வரும். இவள் போட்டது போட்டபடி ஓடுவாள். அவன் கண்ணாலேயே எழுத்து அட்டையைக் காட்டிக் காட்டி, பத்து நிமிடம் செலவழித்து ஒரு கிண்டல் எழுதுவான்: “மணி அடிச்சா ஓடி வர்றியே, நீ அக்காவா பியூனா?”

“சம்பளம் தர்றதா இருந்தா பியூன்தான்டா” என்பாள் அவள்.

அவன் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்றரை மணி முதல் மூன்று மணி வரை அக்கா தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனுடன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். முடித்துவிட்டு 3.05க்கு உள்ளே போனாள். உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது.

“தூக்கத்திலேயே போயிருக்கார். கஷ்டப்பட்டிருக்க மாட்டார்” என்றார் டாக்டர்.

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்கவில்லை. விளக்கும் எரியவில்லை. அப்படியென்றால் அவன் கூப்பிடவில்லை... அந்த ஒரு நினைப்பில்தான் அவள் தினமும் சோறு தின்றாள், தூங்கினாள். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் அம்மாவும் அவளும் வாயைத் திறந்ததே இல்லை.

அப்புறம் ஒருநாள் பிசியோகாரம்மா வந்தார். தம்பிக்குக் கைகால் நீவி விட்டவர்.

“தப்பா நினைக்காதேம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் இதே நோயில கிடக்கறாங்க. ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அந்த மெஷினைக் கொடுக்க முடியுமா?”

“கொடுக்கறேன்” என்றாள் அக்கா.

அந்தச் சனிக்கிழமை, அம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அக்கா கம்ப்யூட்டரைத் தன் மேசைக்குக் கொண்டுவந்து, தம்பி போனபின் முதல் முறையாக உயிர்ப்பித்தாள். புதிய கெர்னலை எடுத்து, பட்டியலில் 470ஐத் திரும்பச் சேர்த்து, 1.50க்குக் கம்பைல் போட்டாள். முடிய ஐம்பது நிமிடம் ஆகும். திரையில் கோப்புப் பெயர்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. பொழுது போகவில்லை. பட்டன் நிரலின் அன்றைய பதிவேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். எத்தனை தட்டு, என்ன பதில் என்று ஒவ்வொரு தடவையும் அது ஒரு வரி எழுதும்.

2.10.07. ஒரு புது வரி விழுந்தது.

தட்டு: 3. பதில்: மைனஸ் 38.

பழைய வரி ஏதோ என்று நினைத்தாள். தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி.

பட்டன் எங்கே? எழுந்து போய்ப் பார்த்தாள். பக்கத்து அறையில், சுருட்டி வைத்த மெத்தைக்குப் பக்கத்தில், வெறும் கட்டில் பலகை மேல் இருந்தது. ஒயரை அவளே சுற்றி ரப்பர் போட்டு வைத்திருந்தாள். கம்ப்யூட்டரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

திரும்பி வந்தாள்.

2.13.41. தட்டு: 3. மைனஸ் 38.

ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். ஆனால் மைனஸ் 38 ஏன் வருகிறது? ஓடிக்கொண்டிருப்பது அவள் கெர்னல் இல்லையா?

பார்த்தாள். இல்லை. 470 இல்லாத சாதாரண கெர்னல். எப்போதிலிருந்து?

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்த பழைய பதிவுகளைத் தோண்டினாள். திங்கள் இரவு அவளே ஒரு அப்டேட் போட்டிருந்தாள். செவ்வாய் மதியம் 12.52க்குக் கரண்ட் போய் வந்திருந்தது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தபோது, புதிதாக வந்த கெர்னலில் எழுந்துவிட்டது. தம்பியின் எண் அதில் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை.

திரையைத் தன் பக்கம் இழுத்தாள்.

2.17.20. தட்டு: 3.

2.19.02. தட்டு: 3.

எல்லாமே மூன்று. ஆபத்து என்று ஒன்றுகூட இல்லை. இடைவெளி மட்டும் குறுகிக்கொண்டே வந்தது.

“இருடா... இருடா...” என்றாள். கம்பைல் பாதிதான் தாண்டியிருந்தது. கோப்புகள் ஆமைபோல் நகர்ந்தன. அது முடிந்தால்தான் மணி அடிக்கும்.

2.24.55.

2.26.30.

2.28.11. மைனஸ் 38. அப்படி ஒரு வேலையே இங்கே கிடையாது.

பக்கத்து அறையில் கட்டில் பலகை கிறீச்சிட்டது...

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

அறையில் யாரும் இல்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் கை இருக்கும் இடத்தில் தன் கையை வைத்தாள்.

“வந்துட்டேன்டா. வந்துட்டேன். எங்கேயும் போகல.”

உள்ளங்கையில் ஒரு விரல் அசைந்தது.

ஒரே ஒரு விரல்.

தட்டவில்லை. லேசாக ஒருமுறை வளைந்தது. பிறகு கனம் குறைந்தது...

பிறகு ஒன்றும் இல்லை.

அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. மேசைக்குத் திரும்பியபோது கடைசி வரி காத்திருந்தது.

2.31.16. தட்டு: 3. பதில்: 0.

பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது என்று பொருள். 470 என்ற எண்ணே இல்லாத ஒரு கெர்னல் அப்படிப் பதில் சொல்ல வழியே கிடையாது. புதிய கெர்னலோ இன்னும் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது.

பட்டன் நிரலின், நாற்பத்தாறு நாளாகத் தொடாத, செவ்வாய்க்கிழமைப் பதிவை அப்போதுதான் திறந்தாள். அதே வரிகள். 2.10.07. 2.13.41. ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனை தடவை அவன் கூப்பிட்டிருக்கிறான். அத்தனை தடவையும் இல்லை போ என்ற பதில். 2.31.16க்கு மட்டும், பூஜ்யம்.

டீச்சருக்கு மெஷினை ஞாயிறன்று முடித்து, தானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தாள். எந்த அப்டேட் வந்தாலும், எத்தனை தடவை கரண்ட் போனாலும் 470 தொலையாதபடி பூட்டியிருந்தாள். டீச்சர் ஒரு விரலால் அழுத்த, மணி அடிக்க, பிள்ளைகள் இரண்டும் கைதட்டின. அக்கா வாசலுக்கு வந்து நின்று அழுதாள்.

அம்மாவிடம் சொல்ல அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. சமையலறையில், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அவன் கூப்பிட்டிருக்கான்மா. இருபது நிமிஷம் கூப்பிட்டிருக்கான். நான் பக்கத்து ரூம்லேயே இருந்தும் போகல. தனியாப் போயிட்டான்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்னடி சொல்றே? நீதானே அவன் பக்கத்துல இருந்தே?”

“நானா?”

“ரெண்டரை இருக்கும். துணி எடுத்துட்டு அந்தப் பக்கம் வந்தேன். கட்டில் ஓரத்துல உட்கார்ந்து அவன் கையைப் பிடிச்சுட்டு அழுதுட்டிருந்தே. அவன் உன்னையே பார்த்துட்டிருந்தான். முகம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அக்காவும் தம்பியும் இருக்கட்டும்னு நான் போயிட்டேன். உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் இத்தனை நாளா அதைப் பத்திப் பேசல.”

மீட்டிங்கில் அவள் பேசிக்கொண்டிருந்ததை அன்று பதினோரு பேர் பார்த்திருக்கிறார்கள்.

“என் கண்ணுதான் சரியில்லைன்னு நினைச்சேன்” என்றார் அம்மா மெதுவாக. “சாயங்காலம் பார்த்தா உனக்குப் பின்னல் முதுகு வரைக்கும் இருந்துச்சு. ரெண்டரைக்கு நான் பார்த்தப்போ, இப்ப இருக்கற மாதிரி, கழுத்தோட வெட்டின முடி.”

அக்கா முடியை வெட்டிக்கொண்டது தம்பி போய்ப் பதினெட்டு நாள் கழித்துத்தான்.