எட்டுத் தடவை ஆன் செய்த கேமரா

தெருவில் அவனை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமா டைரக்டர் இல்லை, கம்பெனி டைரக்டரும் இல்லை. மனைவி கேமராவைப் பிடித்துப் படம் எடுப்பாள். இவன் பக்கத்தில் நின்றுகொண்டு, “தலையைத் தூக்குங்க, கொஞ்சம் சிரிங்க, அவ்ளோ வேணாம்” என்று கையை ஆட்டுவான். அதில் வந்த பெயர். கேலி என்று அவனுக்கு உறைக்கவில்லை. பதவி என்று நினைத்துக்கொண்டான்.

குறை சொல்ல முடியாது, அது ரத்தத்தில் வந்தது. அவன் அப்பா, மச்சான் வீட்டு ரேடியோவைச் சரி பண்ணுகிறேன் என்று பிரித்து, மூடிய பிறகு நாலு திருகாணியை மிச்சமாகக் கையில் கொடுத்தவர். பெரியப்பா, தையல் மிஷினுக்குச் சமையல் எண்ணெய் விட்டவர். அந்தக் குடும்பத்தில் ஒரு சாமானை உருப்படியாகக் கையாண்டவர்கள் எல்லோரும் மருமகளாகவோ மருமகனாகவோ வந்து சேர்ந்தவர்கள்தான்.

டைரக்டரின் மனைவி அப்படி வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். சொந்தச் சம்பளத்தில் கேமரா வாங்கி, முன்னறையில் வெள்ளைத் திரை கட்டி, ஒரு ஸ்டூலும் இரண்டு விளக்கும் போட்டு பாஸ்போர்ட் போட்டோ எடுத்து வந்தாள். ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் நடையாய் நடந்து, நானூற்று இருபது பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலையை வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் நிற்க வேண்டும். தவறினால் வேறு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுவேன், அப்புறம் வந்து நிற்கக் கூடாது என்று ஆபீஸ் கிளார்க் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின புதன்கிழமைதான் டைரக்டர், சித்தப்பா மகனோடு ஏரிக்குக் குளிக்கப் போனான். சும்மா போகக் கூடாதா? மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கேமராப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு போனான். குளித்து முடித்து, தலை துவட்டிய ஈரத்துண்டை எங்கே வைப்பது என்று பார்த்தான். கேமராப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டான்.

“அண்ணே, கேமரா நனைஞ்சிடாது?” என்று சித்தப்பா மகன் கேட்டதற்கு, “இது தண்ணி புகாத பைடா, உனக்கு என்ன தெரியும்?” என்றான்.

பை நல்ல பைதான். வெளித் தண்ணீரை உள்ளே விடாத மாதிரி உள் தண்ணீரையும் வெளியே விடவில்லை. சித்தப்பா மகனின் பூட்டிய காருக்குள் வெயிலில் நாலு மணி நேரம் வெந்தது கேமரா. மனைவி திறந்து பார்த்தபோது லென்ஸுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

அவள் முதலில் பேட்டரியைக் கழற்றினாள், கார்டை எடுத்தாள், லென்ஸைத் தனியே பிரித்தாள், துடைத்தாள். கேமரா மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

“தண்ணி தானா காஞ்சிரும்மா, பயப்படாதீங்க. ஆனா மூணு நாளைக்கு ஆன் மட்டும் பண்ணிடாதீங்க. உள்ள ஈரம் இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா போர்டு வெந்துரும். ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கறேன்.”

செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பா, பழைய கைப்பை என்று வீடு முழுக்கத் தேடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்தாள். ஒரு பிஸ்கட் டின்னில் அவற்றைப் பரப்பி, கேமராவை நடுவில் வைத்து மூடினாள். பேட்டரியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். புருஷனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

“என்னங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்த டின்னைத் தொடாதீங்க.”

“எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரியணுமா?”

இன்னொரு பேட்டரி அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது. தொழில் பார்க்கிறவன் மாதிரித் தெரியட்டும் என்று அதை எப்போதும் வைத்திருப்பான். அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. நனைந்த கேமராவை நினைத்தவள், புருஷனை நினைக்க மறந்துவிட்டாள்.

கேமரா போய்விட்டது என்ற சேதி சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. வியாழக்கிழமை காலை அவன் அக்கா வந்தாள். அந்த வேளையில் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் தம்பி, கேமராவைத் தண்ணில போட்டுட்டியாமே? அவ சம்பாத்தியத்துல வாங்குனதாச்சே!”

டைரக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “யாரு அக்கா சொன்னது? நல்லாத்தான் இருக்கு, பாரு” என்று டின்னைத் திறந்து, பேட்டரியைச் செருகி, ஆன் செய்து காட்டினான். திரை எரிந்தது. அக்கா கன்னத்தில் கை வைத்து அதிசயப்பட்டாள். அணைத்து, மறுபடியும் டின்னில் வைத்து மூடினான்.

அந்த ஒரு தடவையோடு விட்டிருந்தால் அவன் டைரக்டர் இல்லையே. மத்தியானம் சித்தப்பா மகன் வந்தான், ஆன். மாடி வீட்டுக்காரர் குடை வாங்க வந்தார், ஆன். துக்கம் விசாரிப்பதுபோல் வந்தவர்களுக்கெல்லாம், மனைவி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, கண்காட்சி திறந்ததுபோல் டின்னைத் திறந்தான். சனிக்கிழமை சாயங்காலம் திரையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. “அது ஒண்ணுமில்ல, டிசைன்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். காதோரம் நரைத்த மனுஷர், பேச்சு குறைவு. மேஜையில் ஒரு துணியை விரித்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூடி கழன்றதும் கருகிய வாடை வந்தது. போர்டின் மூலையில் பச்சையாகக் களிம்பு பூத்து, அதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு.

“எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?”

“நான் தொடவே இல்லையே” என்றாள் மனைவி.

மெக்கானிக் திரும்பி டைரக்டரைப் பார்த்தார்.

“சும்மா, ரெண்டு தடவை” என்றான் அவன்.

அன்றைக்கும் வந்து உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தம்பியின் பெருமை குறைவதாகப் பட்டது போல. “ரெண்டா? எனக்கு ஒரு தடவை காட்டுன. நம்ம சித்தப்பா மகனுக்கு ஒரு தடவை. மாடி வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவை, கண்ணாடி போட்டுட்டு வரேன்னாரே! பெரியப்பா மருமகளுக்கு, அவ தங்கச்சிக்கு, பால்காரருக்கு, நேத்து மறுபடி எனக்கு. எட்டு இருக்கும் தம்பி!”

“ஈரம் இதைக் கெடுக்கலம்மா. காஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கு. இவருதான் எரிச்சுட்டாரு” என்று மெக்கானிக் திருகாணிகளைக் காகிதத்தில் மடித்தார்.

“கம்பெனி சாமான் சரியில்ல. ஒரு ஈரத்துண்டைத் தாங்கல” என்றான் டைரக்டர்.

அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. “அண்ணே, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நானூத்தி இருபது பிள்ளைங்க. உங்க கடையில ஏதாவது பழைய கேமரா இருக்கா?”

மெக்கானிக் யோசித்தார். “என்னோடது ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் கொடுத்ததில்ல. உங்களுக்குன்னா தரேன்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்களுக்கு மட்டும்” என்றார்.

திங்கட்கிழமை டைரக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் தயாராக நின்றான்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“பள்ளிக்கூடத்துக்குத்தான். நான் இல்லாம பிள்ளைங்களை யாரு நேரா உட்கார வைக்கிறது?”

“உட்காரத் தெரிஞ்ச பிள்ளைங்கதாங்க. நீங்க வீட்ல இருங்க.” மெக்கானிக்கின் கேமராவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் வெள்ளைத் திரையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கிளார்க் வந்து எட்டிப் பார்த்தார்.

“சார் வரலையா மேடம்? கூடவே நின்னு சொல்லிக்கிட்டு இருப்பாரே?”

“அவரை வீட்ல காயப் போட்டிருக்கேன்” என்றாள் அவள். கிளார்க்குக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்துக்கொண்டே முதல் வகுப்பைக் கூப்பிடப் போனார். வரிசையில் முதலாவதாக வந்த பிள்ளை, யாரும் சொல்லாமலே ஸ்டூலில் ஏறி, தலையைத் தூக்கி, நேராக உட்கார்ந்தது.