கலியமூர்த்தி கார் பார்க்கிறார்

வண்டிக்குப் பத்தடி தள்ளியே செருப்பைக் கழற்றிவிடுவார். பிறகு காரின் மூக்குக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துத் தகடு நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். எங்கேயாவது நெளிந்தால் அந்த இடத்தில் அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று சட்டைப்பையில் இருக்கும். அதைக் கதவின் அடிப்பக்கம் வைப்பார். ஒட்டினால் தகடு. நழுவி விழுந்தால் உள்ளே பள்ளத்தைப் பட்டி பூசி அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். விழுந்த காந்தத்தைப் பொறுக்கிக்கொண்டு, வண்டிக்காரரைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுவார். வண்டிக்காரர் அவசரமாகப் பானெட்டைத் திறந்து காட்டுவார்.

அடுத்தது இன்ஜினில் எண்ணெய் அளவு காட்டும் ஆயில் கம்பி. உருவி, அதற்கென்றே வைத்திருக்கும் கறுத்த கைக்குட்டையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, விரலில் தடவி முகர்ந்து பார்ப்பார். காலடி விரிப்பைத் தூக்கித் துரு பார்ப்பார். சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துப் புகையின் சூட்டைப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் பெண்ணைக்கூட ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்.

கலியமூர்த்தி மாயவரத்துப் பக்கத்துக்காரர். ஆவடி தொழிற்சாலையில் கடைசல் வேலை. குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு. சைக்கிள் வைத்திருக்கிறார். கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறார். காரும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை, வாங்குகிற உத்தேசமும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சலூனில் கிடக்கிற பேப்பரில் பழைய கார் விளம்பரத்தைப் பிடித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி சுசீலாவையும் கூட்டிக்கொண்டு, பூந்தமல்லி, வானகரம் என்று பஸ் ஏறிவிடுவார். ஊரெல்லாம் மாருதி மாருதி என்று அலைந்த வருஷங்கள் அவை. இவருக்கு அதெல்லாம் கண்ணிலேயே படாது. மாரிஸ், ஆஸ்டின், ஹெரால்டு, இப்படிப் பல்லுப் போன வண்டிதான் வேண்டும்.

“எதுக்குங்க இந்த வேலை?” என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“ஓட்டிப் பாக்க ஒரு ரவுண்டு குடுப்பாங்கல்ல தம்பி,” என்றார். வெட்கமே இல்லாமல், சிரித்துக்கொண்டு.

விலை பேசுவதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டிக்காரர் சொல்லும் விலையில் பாதி, அதிலும் ஐந்நூறு குறைத்துக் கேட்பார். எந்த மானமுள்ள மனிதனும் அதற்குச் சம்மதிக்கமாட்டான். “வேற எடம் பாருங்க சார்” என்பார்கள். இவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அபூர்வமாக யாராவது இறங்கி வந்தால் சுசீலாவின் பக்கம் திரும்புவார். “கலர் பிடிக்கலீங்க,” என்று அந்த அம்மாள் சொல்ல வேண்டும். வெள்ளை, கறுப்பு, நீலம், எல்லாக் கலரும் அவளுக்குப் பிடிக்காமல் போயிருக்கின்றன.

சுசீலாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. பின்கட்டில் துணி உலர்த்தும்போது என் மனைவியிடம் சொல்லி மாய்ந்துபோவாள். “சினிமாவுக்குப் போனாக்கூட டிக்கெட் வாங்கிட்டுதான் உக்கார்றோம். இவர் ஓசியில ஓட்டிட்டு, அவங்க பெட்ரோல எரிச்சிட்டு, அவங்க குடுக்கற காப்பியவும் குடிச்சிட்டு வராரு. எனக்கு உடம்பே கூசுது அக்கா.”

ஒரே வண்டியை இரண்டு தடவை பார்க்கக் கூடாது என்பது கலியமூர்த்தி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். திருமுல்லைவாயிலில் கஜபதி என்பவரின் மாரிஸ் மைனருக்காக அந்தச் சட்டத்தை மீறினார். பிஸ்தாப் பச்சை வண்டி. காந்தம் எங்கேயுமே விழவில்லையாம். வழக்கப்படி பதினெட்டாயிரத்துக்கு எட்டரை கேட்டிருக்கிறார். கஜபதி கோபப்படவில்லை, “ரோசன பண்ணி சொல்றேன், வர்ற ஞாயித்துக்கெயம வா சார்” என்றிருக்கிறார். போகாமல் இருந்திருக்கலாம். மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, தம்பி. கியரு வெண்ணெயில போற மாதிரி போவுது. நீங்களும் வந்து பாருங்களேன்,” என்று என்னையும் இழுத்தார். வழக்கம்போல சுசீலாவும் கூட வந்தாள். அங்கே போனதும் நான் மெக்கானிக் என்று அறிமுகம் வேறு. எனக்கு சைக்கிள் செயின் மாட்டவே வராது.

கஜபதிக்கு அறுபது வயதுக்கு மேல். கீற்றுக் கொட்டகையில் வண்டி நின்றது. பழக்க தோஷம், கலியமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் ஆயில் கம்பியை உருவித் துடைத்தார். கஜபதி அதைப் பார்த்துப் பூரித்துப்போய் என்னிடம் பேச ஆரம்பித்தார்.

“கல்யாண வண்டி சார் இது. இந்தாண்ட அம்பத்தூரு, அந்தாண்ட ஆவடி, பாதிப் பேரு இதுல குந்திகினு ஊர்கோலம் போய்தான் மாப்ள ஆனானுங்க. இப்ப எனக்கு கண்ணு மங்கிப் பூட்ச்சி. பொண்ணு பிள்ளப்பேறுக்கு வருது, கொட்டாய இட்ச்சிட்டு ரூம்பு போடணும். நாளைக்கு கொத்தனாரு வராரு.”

பிறகு கலியமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

“நேத்து புதுப்பேட்டலேர்ந்து ஒரு ஆளு வந்தான் சார். பன்னண்டு தரேன்னு கட்டா எட்த்து நீட்றான். ஒடச்சி துண்டு துண்டா விக்கறவன். போய்யா, இதுக்கு ஆளு கீதுன்னு தொரத்தி வுட்டேன். நீ எட்டர சொன்ன. எட்டரைக்கே எட்த்துக்க. கோயிலுக்குள்ள போறாப்ல செருப்ப கயட்டிட்டு ஏறின பாரு, அப்பவே இந்த வண்டி உனக்குத்தான்னு முடிவு பண்ட்டேன்.”

எனக்குக் காது சுட்டது. ஐயோ, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயை வேண்டாமென்று உதறிவிட்டு இந்த மனுஷனுக்காகக் காத்திருந்திருக்கிறாரே!

அப்போதுதான் வண்டியைச் சரியாகப் பார்த்தேன். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு முழம் மல்லிகை. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். கஜபதியின் மனைவி அங்கம்மா கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள்.

“ஏறு சார்,” என்று கஜபதி சாவியை நீட்டினார். “பயத்து மேல ஏத்தி எட்த்துகினு போ.”

கலியமூர்த்தி சாவியை வாங்கவில்லை. சுசீலாவைப் பார்த்தார். எத்தனையோ தடவை காப்பாற்றிய அந்த ஒரு வார்த்தைக்காகப் பார்த்தார். அங்கம்மாவும் அதே நேரம், வஞ்சனை இல்லாமல், “இன்னாம்மா, கலரு புட்ச்சிகீதா?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே சுசீலாவின் தலையில் பூ வைத்தாள்.

சுசீலா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “ரொம்பப் புடிச்சிருக்குங்க.”

அவ்வளவுதான். கலியமூர்த்தி கஜபதியின் பக்கம் திரும்பினார். “பணம் கொண்டாரலீங்க,” என்றார்.

“அதுக்கு இன்னா சார், கைல கீறத அட்வான்ஸா குடு. மீதிய நாளைக்கு குடு.”

“நாளைக்கும் இருக்காதுங்க.”

கஜபதிக்குப் புரியவில்லை. மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தபடியே நின்றார். “லோனு கீனு போட்றியா? எப்ப வரும்?”

“என்கிட்ட பணமே இல்லீங்க. நான் வாங்க வரல. சும்மா பாக்கத்தான் வந்தேன். போன வாரமும் அப்படித்தாங்க.”

கஜபதியின் சிரிப்பு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. நீட்டிய சாவியை மடித்த கைக்குள் வைத்துக்கொண்டார். கற்பூரம் எரிந்து அணைந்தது. கஜபதி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அந்த புதுப்பேட்ட ஆள மறுபடி கூப்ட்டா பத்துக்குக்கூட கேக்கமாட்டானே,” என்று தன் மனைவியிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. சுசீலா தலையிலிருந்த பூவைத் தொட்டாள். எடுப்பதா வைத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கலியமூர்த்தி காரின் மூக்குக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அட பாவி, இப்போதும் வண்டி பார்க்கப் போகிறாரா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் கையை நீட்டி, முன்சக்கரத்துக்கு அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். எடுத்து அங்கம்மாவின் தட்டில் வைத்தார். அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். அதன் பிறகு பின்பக்கம். கடைசிப் பழம் டயருக்கு உள்ளே உருண்டு கிடந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஈர மண்ணில் படுத்து அதையும் எடுத்தார். அதில் மண் ஒட்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். ஆயில் கம்பி துடைக்கிற கைக்குட்டை அது. துடைக்கத் துடைக்கப் பழம் கறுத்தது. அங்கம்மா தட்டை நீட்டியபடி நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.