உப்பளத்து வானில் ஒரு வெண்பட்டை

புதுவையில் விடியுமுன்பே பேருந்தேறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் கடந்தால் மரக்காணம். உப்பளப் பாத்திகளில் தேங்கிய உவர்நீரில் வானம் முழுதும் கிடந்தது. வரப்பில் நடந்த எனக்கு முகில்களின்மேல் நடப்பதாகவே தோன்றியது.

கொட்டகையருகே என் தங்கை மகள் கயல்விழி காத்திருந்தாள், வளிமண்டல ஆய்வாளர். அவளது லைடார் கருவி ஓர் ஆளுயரப் பெட்டி. அது லேசர் ஒளியை வானுக்கு அனுப்பும். காற்றில் மிதக்கும் உப்புத்துகளும் புகையும் சிதறடித்துத் திருப்பும் ஒளி, அவை நிற்கும் உயரத்தைக் காட்டும்; ஓசோன் விழுங்கிய ஒளி அதன் அளவைச் சொல்லும்.

"இன்னிக்கு விட்டா அவ்ளோதான் மாமா. சாயங்காலம் பெட்டியைத் திருப்பி அனுப்பணும்."

இரவில் நிலக்காற்று கடலுக்குத் தள்ளிய நகரத்து மாசு, பகலில் ஓசோனாகிக் கடற்காற்றோடு திரும்புகிறதா? இதுவே அவள் வினா. காற்றுத் திசைமாறும் முற்பகல் வேளையில் அளவீடு அறுபடலாகாது.

பத்து மணியளவில் கொட்டகைத் திரையில் வானம் நீலமும் மஞ்சளுமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அரைத்துயிலில் அதில் மிதந்திருந்தேன். திடீரெனத் திரை சிவந்தது. பெட்டிக்குச் சற்று மேலேயே வானம் முடிந்துவிட்டது.

கயல்விழி லேசரை அணைத்துவிட்டு ஓடினாள். கருவியின்மேல் தார்ப்பாய், அருகில் உப்பு வாரும் அஞ்சலை.

"அக்கா, உள்ள எட்டிப் பாத்தீங்களா? வெளிச்சம் கண்ணுல பட்டுச்சா?"

"இல்லம்மா, பின்னாலேர்ந்துதான் வீசுனேன். மேகம் கருக்குது, நீ பாட்டுக்குத் தெறந்து போட்டுட்டு உள்ள குந்தினு இருக்குற!"

"மேல கண்ணாடி இருக்குதுக்கா. நனையாது."

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

கார்முகில் கண்டால் கேளாமல் மூடுவது உப்பளத்தார் வழக்கம். அஞ்சலை தன் உப்புக் குவியலின் பாயையே உருவி வந்திருந்தாள். அங்கே உப்பு திறந்து கிடந்தது. முதல் துளி என் கையில் விழுந்தது.

உடனே அமர்ந்து லேசரை எழுப்பினால் காற்றின் திருப்பம் அகப்படக்கூடும். கயல்விழி கருவியை ஒரு கணம் நோக்கினாள். பின் பாயின் முனைக் கயிற்றைப் பற்றினாள்.

"மாமா, அந்தப் பக்கம் புடிங்க!"

வரப்பில் ஓடினோம். குவியலை நெருங்குகையில் கிழக்கிலிருந்து ஏதோ பாயை நிரப்பியது. பாய்மரம்போல் அது உப்பி எங்களை இழுத்தது.

"காத்து வந்துடுச்சு மாமா," என்றாள் கயல்விழி மெல்ல.

"வந்தா வரட்டும், கயித்த விட்டுடாதீங்க பெரியவரே!" என்று கத்தினாள் அஞ்சலை.

தூறல் ஓய்ந்தது, உப்பு தப்பியது. லேசர் மீண்டும் எழுந்தபோது ஓசோன் முன்னிலும் செறிந்திருந்தது. கடற்காற்று வந்த தருணம் மட்டும் வரைபடத்தில் வெண்பட்டையாக விடுபட்டிருந்தது.

"காரணம் என்னன்னு எழுதுவே?" என்று கேட்டேன்.

"தார்ப்பாய்னுதான்."

மாலைப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தேன். புதுவையில் என் வீட்டு மாடியிலும் அக்காற்று நாள்தோறும் வீசுகிறது; குளிர்ச்சியென்று மட்டுமே அதை அறிந்திருந்தேன். உள்ளங்கையில் கயிறு அழுத்திய தடம் இன்னும் சிவந்திருந்தது.