ரிவிட் அடித்த செயின்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் போகிறவன் சைக்கிளை நான் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். செயின் மேலே வெள்ளையாக இருக்கும், அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். களிமண் கூழை அச்சில் ஊற்றிவிட்டு நனைந்த கால்சட்டையோடு அப்படியே ஏறி மிதிப்பார்கள். கூழ் செயினில் சொட்டிக் காய்ந்து, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். "துடைங்கடா பாவிங்களா" என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். எங்கள் சைக்கிள் கடைப் பலகையில் என் வீட்டுக்காரர் அமல் பெயர் இருக்கிறது. அவர் மாதா கோயில் பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பார். கிரீஸில் கை வைப்பது ஃப்ளோராவாகிய நான்தான்.

செந்தமிழன் ஒருநாள் தன் பெண்டாட்டி சிவசங்கரியோடு கடைக்கு வந்தான். ஊரில் அவனுக்கு 'செயின் தமிழு' என்று பெயர். மணல் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவான். வலது கையில் துணியைச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் செயினைச் சுற்றியிருப்பான். லாரியை மறித்தவன் எவனும் முழு முகத்தோடு வீடு திரும்பியதில்லை. அப்படி ஒருவனை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். கன்னம் கிழிந்து, வாயை மூடியிருக்கும்போதே பல் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிவசங்கரி நல்லூர்ப் பக்கத்துப் பெண். வீட்டுக்குத் தெரியாமல் இவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவளுடைய தம்பி குருமூர்த்தி அக்காவைத் திரும்பக் கூட்டிப்போக வந்தபோது, இவன் வாசலிலேயே செயினை வீசினான். அதன் நுனி குருமூர்த்தியின் இடது கண்ணில் இறங்கியது. அவள் வயிற்றில் பிள்ளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ரத்தம் அவள் புடவையில் தெறித்தது. இவன் கடலூர் ஜெயிலுக்குப் போனான், அவள் தாய் வீட்டுக்குப் போனாள்.

வெளியே வந்தவனை மணல்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீங்கான் கம்பெனியில் கூழ் ஊற்றுகிற வேலை கிடைத்தது. ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்து, அதிலேயே நல்லூர் போய்ச் சிவசங்கரி முன்னால் நின்றான். மகள் இனியாவின் தலையில் அடித்து, இனிமேல் எவன் மேலும் செயினை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனோடு கிளம்பினாள். கிளம்பும்போது தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னாள்: "மறுபடியும் அவரு செயின எடுத்தாருன்னா, அன்னிக்கே நான் புள்ளயோட வந்துடறேன்டா." குருமூர்த்தி அந்த நாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, துரு புடிக்காத செயினு இருக்குதா?" என்று அன்றைக்குக் கடையில் என்னிடம் கேட்டது அவள்தான். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்கு? கழட்டி டீசல்ல ஊறப்போட்டு, எண்ணெ வுட்டா இதுவே ஓடுமே."

"அவரு கழட்டிக் கையில புடிச்சாலே புள்ள பக்கத்து வூட்டுக்கு ஓடிடுதுக்கா. நேத்து டீசல்லேர்ந்து எடுத்து ஒதறுனாரு. அந்தச் சத்தத்துக்கு நானே அடுப்படியில ஒண்ணுக்குப் போயிட்டேன்."

அவன் முகம் செத்துப்போனது. எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், நன்றாக வேண்டும் உனக்கு என்றுதான் தோன்றியது.

பெட்டிகளை எடுத்துப் போட்டேன். கருப்புச் செயின் இவன் வேலைக்கு ஒரு மழைகூடத் தாங்காது. கியர் சைக்கிள் செயின் பளபளவென்று இருந்தாலும் ஒல்லி, இந்தப் பல்சக்கரத்தில் உட்காராது. முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸில் வருவது துருப் பிடிக்காதுதான், ஆனால் இவன் மிதிக்கிற மிதிக்குச் சீக்கிரம் இழுபட்டுவிடும். கடைசியில் நிக்கல் பூசிய அகலச் செயினை எடுத்தேன். உள்கண்ணி, வெளிக்கண்ணி இரண்டிலும் பூச்சு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே மட்டும் பூசி ஊரை ஏமாற்றுகிற சரக்கும் வருகிறது.

மாட்டப் போகும்போது அவள் குனிந்து பார்த்தாள். "இது இன்னாக்கா?"

"லாக்கு. இதத் தள்ளுனா செயின் கழண்டுடும்."

"கையாலயா?"

"பழகுன கைன்னா பல்லாலயே கழட்டலாம்."

"அப்ப அது வேணாம். கழட்ட முடியாத மாதிரிப் போடு."

ரிவிட் அடித்தால் பின்னைத் தள்ளுகிற பஞ்ச் கருவி இல்லாமல் எடுக்க முடியாது, வழியில் அறுந்தால் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்றேன். "அவ சொல்ற மாதிரியே போடுக்கா" என்றான் அவன். பின்னைத் தள்ளி, இரண்டு பக்கமும் தட்டி மழுக்கிவிட்டேன். களிமண் அடைக்கிறது என்று செயின் கவரையும் கழற்றிப் போட்டேன்.

அதற்குப்பின் வார லீவு நாளில் வந்து என் கடை வாசலிலேயே வைத்துத் துடைப்பான். முதலில் காய்ந்த துணி. பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பெடலைப் பின்னால் சுற்றி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். ஒருதரம் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தான். களிமண் அப்பிப் பசையாகிக் கிடந்தது. "தலைக்குத் தடவுறதத் தலைக்குத் தடவுடா" என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். செயின் தமிழு கைகட்டி நின்று வாங்கிக்கொண்டான்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், வேலை முடிந்து சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்க வந்தான். பின்னாலேயே பைக்கில் குருமூர்த்தியும் இன்னொருவனும் வந்து இறங்கினார்கள். குருமூர்த்தி கையில் துருப்பிடித்த செயின் ஒன்று தொங்கியது. ஒரு பேச்சும் இல்லை. முதல் அடியிலேயே செந்தமிழனின் காது பிய்ந்தது. இரண்டாவது அடி முதுகுச் சட்டையைக் கிழித்துச் சதைக்குள் போனது. அவன் சைக்கிளோடு விழுந்தான்.

"எட்றா! உன் செயின எட்றா! சத்தியவானா நீ? எங்கக்கா பாக்கட்டும், எடு!"

குருமூர்த்தியின் ஒற்றைக் கண் வெறிபிடித்து நின்றது. கூட வந்தவன் செந்தமிழனை விலாவில் மிதித்தான். காற்றடிக்கிற கைப்பம்பை எடுத்து, மிதித்தவன் முட்டியில் ஓங்கிப் போட்டேன். என்னமோ உடைந்த சத்தம் கேட்டது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ரோட்டில் உருண்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னும் இரண்டு போட்டிருப்பேன்.

அப்போதுதான் பார்த்தேன். செந்தமிழன் கை செயினுக்குப் போயிருந்தது. விரல்கள் லாக்கைத் தேடி ஒவ்வொரு கண்ணியாக ஓடின. லாக் இல்லை. மழுக்கிய பின்னை நகத்தால் பிறாண்டினான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். பல்சக்கரம் சுழன்று விரலைக் கடித்து உள்ளே வாங்கியது, நகம் பிய்ந்து தொங்கியது. முதுகில் அடி விழுந்துகொண்டே இருந்தது.

"யக்கா! பஞ்சக் குடுக்கா! இவன இன்னிக்குக் கொல்லாம வுடமாட்டேன், குடு!"

பழைய முகம் திரும்ப வந்திருந்தது. கன்னம் கிழிந்தவன் அன்றைக்குப் பார்த்திருக்கக்கூடிய முகம். பஞ்ச் என் பக்கத்துப் பலகையில்தான் இருந்தது. அதை எடுத்துச் சாக்கடையில் வீசினேன். அவன் என்னைப் பார்த்து என் தாயைச் சேர்த்து வைதான்.

குருமூர்த்தி அடித்து அடித்து ஓய்ந்தான். கடைசியில் அவனே செயினைக் கீழே போட்டுவிட்டு, "கழட்டித் தொலையேன்டா" என்று அழுதான். அதற்குள் டீக்கடைக்காரர்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் சிவசங்கரி கடைக்கு வந்தாள். அவன் பெரிய ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தான். முதுகு முழுக்கத் தையல், துருச் செயின் அடி என்பதால் ஊசியும் போட்டிருந்தார்கள். அவள் கண் வீங்கியிருந்தது.

"தம்பி போன் பண்ணான். அவரு செயின எடுக்கப் பாத்தாருன்னு சொல்றான். நீ பக்கத்துலதான இருந்த? நெசமாக்கா?"

ஆமாம் என்றால் அவள் நல்லூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்லாமல் போகும். நேற்று வசை வாங்கியவள் நான், ஆனாலும் மனசு வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று துணிந்தேன்.

"பொய்யிம்மா. கையே வெக்கல. சும்மாதான் அடி வாங்குனான்."

அவள் சைக்கிளிடம் போய் உட்கார்ந்தாள். செயினைத் தொட்டாள். அவள் செயினைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ரிவிட் அடித்த இடத்தில் ரத்தம் காய்ந்து, பிய்ந்த நகம் ஒன்று கண்ணியில் மாட்டியிருந்தது.

"அடி முதுகுல வுழுந்துது. ரத்தம் பின்னுகிட்ட இருக்குது."

பக்கத்தில் கிடந்த கைப்பம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அவரு எடுக்கப் பாப்பாருன்னு எனக்குத் தெரியும்க்கா. சத்தியத்த நம்பியிருந்தா ரிவிட்டு எதுக்கு?"

நகத்தை எடுத்துத் தூரப் போட்டாள். துணி கேட்டாள், கொடுத்தேன். ரத்தம் படிந்து கிடந்தால் நிக்கலும் கறுத்துப்போகும், நன்றாகத் துடை என்று மட்டும் சொன்னேன். கண்ணி கண்ணியாகத் துடைத்தாள். எண்ணெயை ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பெடலைப் பின்னால் சுற்றினாள்.

"நீ பஞ்ச சாக்கடையில வீசுனதயும் தம்பி சொன்னான். எடுத்துட்டியாக்கா?"

"இல்லம்மா. எடுக்கணும்."

"கெடக்கட்டும்" என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனாள்.