பேப்பர் போட்டாச்சா?

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக்கே கம்பெனி பஸ் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும். அந்தக் கம்பெனியின் பெயரைத் தெரியாதவர்கள் இல்லை. என் சட்டைப் பையின் மேலும் அந்தப் பெயர் தைத்திருக்கும். நாலு பேரிடம் வாய் திறந்து பேச வராதவன் நான். எனக்குப் பதில் அந்தச் சட்டைதான் பேசிக்கொண்டிருந்தது.

உள்ளே எனக்குப் பெயிண்ட் பிரிவில் வேலை. வண்டிப் பாகங்களில் பெயிண்ட் படக்கூடாத இடங்களைக் காகிதத்தால் மூடி, ஓரத்தில் டேப் ஒட்ட வேண்டும். அதைப் 'பேப்பர் போடுவது' என்போம். பிறகு பெயிண்டர் வந்து, பெயிண்டைப் பீய்ச்சும் ஸ்ப்ரே கன் பிடிப்பார். கன் பிடிக்கப் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் வேண்டும். நான் அஞ்சாவது. சேர்ந்த நாளிலிருந்து பேப்பர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தாம்பரத்தில் நண்பனின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், பைக் டேங்க்குகளுக்கு நானே பெயிண்ட் அடிப்பேன். படப்பையில் சின்னதாகப் பெயிண்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆயுத பூஜை அன்னிக்குப் பெயிண்ட் அடிக்கிற புது பூத்துக்குப் பூஜை போடுறேன். நீங்கதான் கன் புடிக்கணும். வரலன்னா சொல்லிடுங்க, வேற பெயிண்டரைப் பாத்துக்குறேன்."

என்னை ஒருவர் பெயிண்டர் என்று சொன்னது அதுதான் முதல் முறை.

"பேப்பர் போட்டுட்டு வந்துகினே இரு மச்சான். இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்றான் நண்பன். அவன் சொன்ன பேப்பர் ராஜினாமா. வண்டியை சர்வீஸுக்கு விட வரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளிடமிருந்து அவனுக்கு ஒட்டிக்கொண்ட பேச்சு.

மனைவி வேறு மாதிரி சொன்னாள். "பொண்ணுக்கு இப்பதான் வரன் பாக்க ஆரம்பிச்சிருக்கோம். அப்பா எங்க வேலைன்னு கேட்டா உங்க கம்பெனி பேரைச் சொன்னாப் போதும். படப்பையில ஷெட்டுன்னா யாருக்குத் தெரியும்? போவ வேணாங்கல. கல்யாணம் முடிஞ்சு போங்க."

"பூத்து அதுவரைக்கும் நிக்குமா?"

"பொண்ணு நிக்குமா?"

இரண்டும் சரியாகத்தான் பட்டது. காலையில் பஸ் ஏறும்போது போய்விடலாம் என்றிருக்கும். மத்தியானம் கேன்டீனில் தட்டோடு உட்காரும்போது இருந்துவிடலாம் என்றிருக்கும். சூப்பர்வைசர் வயதில் சின்னவர். அவர் மேஜைக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் கேன். சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பிப் போவேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

"என்னண்ணா, சுகர் இருக்கா உங்களுக்கு? செக் பண்ணிப் பாருங்க" என்றார் ஒரு நாள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், ஒரு பம்பரின் மேல் காகிதத்தை விரித்துவிட்டு, டேப்பைக் கையில் வைத்தபடி எங்கோ நினைப்பாக நின்றிருந்தேன். பின்னாலிருந்து சூப்பர்வைசர் குரல் கேட்டது.

"அண்ணா, பேப்பர் போட்டாச்சா?"

நண்பன் யாரிடமோ உளறிவிட்டான் என்று எனக்குப் பகீரென்றது.

"இன்னும் இல்ல சார். ஆயுத பூஜைக்குள்ள போட்டுடுறேன்."

"ஆயுத பூஜைக்குள்ளயா? லைன் நிக்குதுண்ணா!"

"பொண்ணுக்கு வரன் பாத்துகினு இருக்கோம் சார். அதான் எப்போன்னு தெரியல."

"பம்பருக்குப் பேப்பர் போடுறதுக்கும் பொண்ணு கல்யாணத்துக்கும் என்னண்ணா சம்பந்தம்?"

பக்கத்தில் கன்னோடு காத்திருந்த பெயிண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "அவசரப்படாதீங்க. இங்கயே உங்களுக்குக் கன் குடுக்க முடியுமான்னு மேனேஜரைக் கேக்குறேன்" என்றார். தெளிந்ததுபோல் இருந்தது மறுபடியும் குழம்பிவிட்டது. இங்கேயே கிடைத்துவிட்டால் பஸ்ஸும் இருக்கும், சட்டையும் இருக்கும்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் அவர் வந்தார். "பத்தாவது இல்லாம முடியாதாம். ஆனா உங்களை விட்டுடாதேன்னு சொல்றாருண்ணா. உங்களை மாதிரி பேப்பர் போட ஆள் கிடைக்காதாம்."

நல்ல சேதி கொண்டுவந்த மாதிரிதான் அதைச் சொன்னார். நான் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தேன்.

"சார், லெட்டரை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பிறகு எழுதினார். மேலே தேதி போடும் இடத்தில் பேனா நின்றது.

"இன்னிக்குத் தேதியே போடுங்க சார்."

ஆயுத பூஜையன்று படப்பையில் கன்னைக் கையில் வாங்கியதும், பேப்பர் போடுகிறவர் எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன். "அதுக்குத் தனி ஆளா? நீங்கதான் போட்டுக்கணும்" என்றார் முதலாளி, பொரியை மென்றுகொண்டே. கன்னைக் கீழே வைத்துவிட்டு டேப்பை எடுத்தேன்.

சில நாள் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். "அப்பா என்ன பண்றார்?" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். சட்டைப் பையின் மேல் பெயர் எதுவும் இல்லை.

"பெயிண்டர்" என்றேன்.

"வீட்டுக்கு அடிக்கிறதுங்களா?"

"இல்லீங்க. வண்டிக்கு."

அவர் தலையாட்டினார். சரி என்று ஆட்டினாரா, போதும் என்று ஆட்டினாரா, எனக்குத் தெரியவில்லை.