உதடுகள் மட்டும் பாடிய படம்

அடுகோடி சிக்னலில் பேருந்து நகராமல் நின்றிருந்தபோது மஞ்சு கூப்பிட்டான். எங்கள் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். "ஜெசி அக்கா போயிட்டாங்க மச்சா. காலையில, வீட்லயே," என்றான். சரி என்று மட்டும் சொன்னேன். நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்தே இந்த அழைப்பை எதிர்பார்த்திருந்தோம். எதிர்பார்த்ததே பெரிய அலுப்பாக இருந்தது. இறங்கி, காக்ஸ் டவுனில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஜெசிந்தாவை, இதைப் படிக்கும் உங்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுவில் கேட்டிருப்பீர்கள். சிலர் அவரோடு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்திருப்பீர்கள். எங்களிடம் வந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஈஜிபுராவில் மாடித் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஓர் அறைதான் எங்கள் ஒத்திகை இடம். முதல் நாளே சொன்னார்: "சர்ச்ல எப்பவும் மெதுவா பாடு, மெதுவா பாடுங்கறாங்க. இங்கயும் யாராச்சும் அப்படிச் சொன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன்." யாரும் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு முன்னால் என் பேஸ் கிட்டார் கேட்டதே பெரிய விஷயம்.

கல்யாண வீடியோ எடுக்கும் ரஃபீக் எங்கள் பாடல்களை வைத்து ஒரு படம் எடுக்க வந்தான். கதை கிடையாது, வசனம் கிடையாது. நகரத்துக்குள் ஒரு பெண் பாடிக்கொண்டே நடப்பாள்; யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அக்காவை நடக்கவிட்டு ஞாயிறுதோறும் எடுத்தோம். ஓசூர் சாலை இரைச்சலில் எந்தக் குரலும் தேறாது என்பதால், பாட்டை ஸ்டுடியோவில் பிறகு பதிவு செய்துகொள்வதாகத் திட்டம்.

அந்தப் 'பிறகு' வரவில்லை. அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. அறுவை சிகிச்சையில் கட்டி போனது. கூடவே குரலும் போனது. மிஞ்சியது காற்றுபோல ஒரு கிசுகிசுப்பு.

ரஃபீக் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். "வேற ஒருத்தங்கள பாட வெச்சு சேத்துடலாமா அக்கா? உங்களுக்கு ஓகேன்னா மட்டும்."

அக்கா அவன் பக்கம் குனிந்தார். "என் வாயில இன்னொருத்தி குரல் வேணாம்பா. நீங்க வாசிங்க. என் வாய் சும்னே, சும்மா அசையட்டும்."

"ஜனங்களுக்குப் புரியாது அக்கா," என்றான் மஞ்சு.

"எனக்கே புரியல. அவங்களுக்கு மட்டும் புரியணுமா?"

அப்படியே செய்தோம். திரையில் அவர் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார்; கேட்பது எங்கள் வாத்தியங்கள் மட்டும். தொகுக்கும்போது ரஃபீக் இரண்டு முறை எழுந்து வெளியே போனான். நான் போகவில்லை, எழுந்திருக்கத் தெம்பில்லை.

ஒரு சிறிய அரங்கில் திரையிட்டோம். பாதிப் பேர் நடுவிலேயே போய்விட்டார்கள். இருந்தவர்களில் ஒருவர் எழுந்து, பெண்ணின் மௌனத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசிவிட்டு, இந்தப் பரிசோதனைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அக்கா மைக்கை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார். "அர்த்தம் ஒண்ணுமில்லீங்க. தொண்டை போச்சு." திரும்பி வரும்போது ஆட்டோவில் மட்டும், "சத்தத்தோட ஒரு தடவ பாத்திருக்கலாம்," என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

ஆனாலும் ஒத்திகைக்கு வருவதை நிறுத்தவில்லை. பாட முடியாதவர், நாங்கள் வாசிப்பதைக் கேட்க வந்தார். ஒரு சனிக்கிழமை, வாரம் முழுக்க வேலை பார்த்த அசதியில் மஞ்சு குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "இன்னிக்கு முடியலக்கா. ஒடம்பு வரல." அக்கா சொன்னதைக் கேட்க நாங்கள் அவரை நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. "களைப்பா இருந்தா களைப்பாவே வாசி. நல்லா இருக்கிற மாதிரி நடிக்காத."

அடக்கம் முடிந்த வாரத்தின் சனிக்கிழமை அறையைத் திறந்தோம். யாருக்கும் வாசிக்கும் மனமில்லை; வீட்டுக்குப் போகவும் மனமில்லை. மஞ்சு மெதுவாகத் தொடங்கினான். தாளம் இழுத்தது, நானும் பின்தங்கினேன், ஒருவரும் நிறுத்தவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: தெம்பு வரும்வரை காத்திருப்பதை விட்டுவிட்டேன்.