உனக்கு எது விருப்பம்?

எண்பதுகளின் கடைசி. சுவிஸின் சோலோதுர்ன் நகரில் நான் படித்த பள்ளியில் நுண்கணிதத்துக்கு இரண்டு வகுப்புகள்: சாதாரணம், கடினம். கடினத்தில் தவறினால் ஓராண்டு போய்விடும். என்னோடு தங்கியிருந்த அண்ணைமார் கைதூக்கியே தீர்மானித்துவிட்டார்கள்.

"கடினத்தை எடு. யாழ்ப்பாணத்துப் பெடியன் சாதாரணத்தில இருக்கிறதோ?"

பதிய வந்த என் முகத்தைப் பார்த்த ஆசிரியை, "உனக்கு எது விருப்பம்?" என்றார். அதுவரை யாருமே என்னிடம் கேட்டிராத கேள்வி. தொகையீட்டுக் கணக்கு ஒன்றைக் கேட்டிருந்தால் உடனே செய்திருப்பேன். வெகுநேரம் யோசித்து, "சாதாரணம்" என்றேன்.

வீட்டில் சொன்னதும் மூத்த அண்ணை, "அப்ப உனக்கு நேரமிருக்கும். இண்டைக்குச் சமையல் நீதான்" என்றார்.

சோறு குழைந்துதான் போனது. நானாக ஒன்றைத் தெரிந்தெடுத்த முதல் நாள் என்பதாலோ என்னவோ, எனக்கு மட்டும் ருசித்தது.